கம்யூனிகேஷன் இம்ப்ரூவ் பண்ணணுமாம்

ஐடி கம்பெனில வருஷா வருஷம் வேலைக்கு மார்க் போடுற அப்ரைசல் சீசன் வந்தா நம்ம நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குன்னே ஒரு வரிய முன்னாடியே அச்சடிச்சு வச்சிருப்பாங்களோன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். "டெக்னிக்கலி ஸ்ட்ராங், கம்யூனிகேஷன் நீட்ஸ் இம்ப்ரூவ்மென்ட்." அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, ஆலங்குளம், நாங்குநேரின்னு எந்த ஊர்லருந்து ஐடிக்குப் போன பிள்ளையக் கேட்டாலும் இந்த வரிய தூக்கத்துல எழுப்பினாக்கூட சொல்லும். அப்படின்னா என்ன சார்னு மேனேஜர்கிட்ட கேட்டா "இன்னும் கொஞ்சம் வோகலா இருக்கணும்"பாரு. வோகல்னா? "ப்ரொஆக்டிவா." அதுக்கு மேல கேட்டா அவருக்கே தெரியாது, ஃபார்ம்ல ஒரு கட்டம் காலியா கெடந்துச்சு, நிரப்பிட்டாரு.

பையன் என்ன பண்ணுவான், அவனுக்குப் புரியுற ஒரே அர்த்தம் இங்கிலீஷ். வண்ணார்பேட்டைலயும் பாளை பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயும் ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டுக்கா பஞ்சம், பீஸக் கட்டி சேந்துருவான். அங்க ரெஸ்டாரண்ட்ல எப்படி ஆர்டர் பண்றது, ஏர்போர்ட்ல எப்படி வழி கேக்குறதுன்னு சொல்லிக் குடுப்பாங்க. இவன் வாழ்க்கைல அந்த வருஷம் பாத்த ஒரே பயணம் நெல்லை எக்ஸ்பிரஸ்ல சென்னைக்குப் போய்ட்டு வந்ததா இருக்கும். அடுத்த அப்ரைசல்லயும் அதே வரி வரும். அப்போதான் பயலுக்கு மனசு விட்டுப்போகும், நமக்கு வராதுன்னு முடிவு கட்டிருவான், அதுக்கப்புறம் ஆன்லைன் மீட்டிங் கால்ல மியூட்ட எடுக்கவே மாட்டான்.

நான் இப்போ பாளையங்கோட்டைல உக்காந்துதான் வேலை பாக்கேன், கம்பெனி சென்னைல, க்ளையன்ட் அமெரிக்கால, டீம்ல பாதிப்பேரு நம்ம ஜில்லா, மிச்சம் தென்காசி தூத்துக்குடி. (தென்காசி 2019ல தனி மாவட்டமாயிருச்சு, ஆனா எங்க டீம்ல யாரும் அத ஒத்துக்கிட்ட மாதிரி தெரியல.) இன்டர்வியூ பேனல்ல உக்காருறேன், அப்ரைசல் ஃபார்ம் நிரப்புறேன், எனக்கும் ஒருத்தர் நிரப்புறாரு. ரெண்டு பக்கமும் இருந்து பாத்ததுல எனக்குப் பட்டத சொல்லுதேன். கம்பெனிகளுக்கு கம்யூனிகேஷன் வேணும்ங்கறது பொய்யில்ல, நிசமாவே வேணும். ஆனா அவங்க அளக்குறது ஒண்ணு, அவங்களுக்குத் தேவைப்படுறது இன்னொண்ணு. நம்ம பிள்ளைகள்ட்ட இருக்குற நெசமான கொறை இது ரெண்டுலயும் சேராத மூணாவது ஒண்ணு.

மொதல்ல அளக்குறதப் பாப்போம். கேம்பஸ் இன்டர்வியூன்னா ஒரு க்ரூப் டிஸ்கஷன், அப்புறம் "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்". இந்த செல்ஃப் இன்ட்ரோ இருக்கே, அது காலேஜ்ல யாரோ ஒரு ப்ளேஸ்மென்ட் சார் எழுதிக் குடுத்தது, வருஷக்கணக்கா கைமாறி வருது. பேரு, நேட்டிவ் ப்ளேஸ், அப்பா என்ன பண்றாரு, அம்மா ஹவுஸ்வைஃப், ஹாபி கிரிக்கெட் ஆடுறது பாட்டு கேக்குறது, ஸ்ட்ரெங்த் ஹார்டு ஒர்க், வீக்னஸும் ஹார்டு ஒர்க்தான். மூச்சு விடாம ஒப்பிப்பான், எடையில நிறுத்தி ஒரு கேள்வி கேட்டுட்டா போச்சு, திரும்ப நேட்டிவ் ப்ளேஸ்லருந்துதான் ஆரம்பிக்கணும். க்ரூப் டிஸ்கஷன் அதுக்கு மேல, யாரு சத்தமா பேசுனாங்க, யாரு அடுத்தவன பேச விடலங்கறதுதான் கணக்கு. மீட்டிங்ல எவன் இருந்தா வேலை நடக்காதோ அவனத் தேடிப்பிடிச்சு எடுக்குறதுக்குன்னே கண்டுபிடிச்ச பரிட்சை மாதிரி இருக்கும்.

போன தடவை ஒரு பையன் வந்தான், கடையநல்லூர் பக்கம். இன்ட்ரோ சொல்லும்போதே வேர்த்துருச்சு. அவன் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் காலேஜ் பஸ் எங்க வருதுன்னு காட்டுற ஒரு ஆப். நான் "தம்பி, தமிழ்லயே சொல்லு, இதுல எது ஒன்ன ரொம்பப் படுத்திச்சு?"ன்னேன். அவ்ளோதான், பாபநாசம் டேம் மதகத் தொறந்த மாதிரி கொட்டிட்டான். பஸ்ஸு சில எடத்துல பின்னாடி போறதா மேப் காட்டிருக்கு. மொதல்ல ஜிபிஎஸ் தப்புன்னு நெனச்சிருக்கான், ஆனா டவுனுக்குள்ள சரியா வருது, அதனால ஜிபிஎஸ் இல்ல. மலையடிவாரத்துல சிக்னல் இல்லாத எடத்தத் தாண்டினதும்தான் இந்தக் கூத்து நடக்குது. அப்போதான் பொறி தட்டிருக்கு, சிக்னல் இல்லாதப்போ போன்ல தங்குன லொக்கேஷனெல்லாம் சிக்னல் வந்ததும் மொத்தமா சர்வருக்குப் போகுது, சர்வர் வந்துசேந்த நேரத்த வச்சு வரிசைப்படுத்துது, எடுத்த நேரத்த வச்சு இல்ல. அதனால பழசும் புதுசும் கலந்து பஸ்ஸு ரிவர்ஸ்ல போகுது. பேப்பர வாங்கி ரெண்டு கோடு போட்டு, மேல எடுத்த நேரம், கீழ வந்த நேரம், எடையில குறுக்குக் கோடு. அஞ்சு நிமிஷம் கூட ஆகல.

என்ன நடந்துச்சு, என்ன சந்தேகப்பட்டேன், அத எப்படித் தள்ளினேன், கடைசில எது காரணம். இந்த வரிசைல ஒரு விஷயத்த சொல்லத் தெரிஞ்சவன் எனக்கு டீம்ல வேணும். என்கூட பேனல்ல இருந்த ஹெச்ஆர் பொண்ணு கம்யூனிகேஷனுக்கு நேரா அஞ்சுக்கு ரெண்டு போட்டிருந்தாங்க. ஃபார்ம்ல அந்தக் கட்டம் இங்கிலீஷுக்கு மட்டும்தானாம், அவங்க மேல தப்பில்ல.

டைக்ஸ்ட்ரான்னு ஒரு டச்சுக்காரர், கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவங்களுக்கு ஷார்ட்டஸ்ட் பாத் அல்காரிதம் வழியா பழக்கம். 1975ல எழுதின ஒரு குறிப்புல, ப்ரோக்ராமருக்கு கணக்குல நாட்டம் இருக்கணும், அது போக அவனுக்கு இருக்குற முக்கியமான சொத்து தாய்மொழில அபாரமான தேர்ச்சின்னு சொல்லிருக்காரு. தாய்மொழின்னுதான் சொல்லிருக்காரு, இத்தனைக்கும் அத எழுதினது இங்கிலீஷ்ல. இத நான் ஹெச்ஆர்ல ஒருத்தர்ட்ட சொன்னேன், "நைஸ் கோட், ஸ்லைட்ல போட்டுக்கலாம்"னாரு.

சரி, தேவைப்படுறது என்ன? காலேஜ்ல இருக்குற பிள்ளைக ஐடி ஆபீஸ்னா கோட்டு போட்டு ஸ்க்ரீன் முன்னாடி நின்னு பேசுறதுன்னு நெனைக்குதுக. டெவலப்பரோட பேச்சுல பெரும்பங்கு எழுத்து. கோளாறப் பதிஞ்சு வைக்குற டிக்கெட், கோடுல என்ன மாத்துனோம்னு எழுதுற கமிட் மெசேஜ், அந்த மாத்தத்த சேத்துக்கோங்கன்னு கேக்குற புல் ரிக்வெஸ்ட்ல எழுதுற விளக்கம், அடுத்தவன் கோடு பாத்துட்டு போடுற கமென்ட், டிசைன் டாக்குமென்ட், ராத்திரி சர்வர் விழுந்தா சாட்ல போடுற நெலவரம், வேலைய விட்டுப் போறவன் வர்றவனுக்கு எழுதி வைக்குற குறிப்பு. வாயால பேசுறது காலைல டீம் கூடிப் பேசுற ஸ்டாண்ட்-அப்ல ரெண்டு நிமிஷம், வாரத்துல சில கால்.

எங்க டீம்ல முக்கூடல் பொண்ணு ஒண்ணு டெஸ்டிங்ல இருக்கு. மத்தவங்க போடுற டிக்கெட் எப்படி இருக்கும்னா, "லாகின் ஆகல. ப்ளீஸ் செக்." அவ்ளோதான். எந்த போனு, எந்த வெர்ஷன், எப்போ, யாருக்கு, ஒண்ணும் கெடையாது, டெவலப்பர் எடுத்துப் பாத்தா அவனுக்கு லாகின் ஆகும், "ஒர்க்கிங் ஃபார் மீ"ன்னு மூடிருவான், மறுநாள் திரும்பத் தொறப்பாங்க, இப்படியே ஒரு வாரம் பந்து ஆடிட்டு இருப்பாங்க. இந்தப் பொண்ணு போட்ட டிக்கெட்ட அப்படியே தமிழ்ல தாரேன்: "ஆண்ட்ராய்டு 9 போன்ல, ஓடிபி பாக்க மெசேஜ் ஆப்புக்குப் போய்ட்டுத் திரும்பி வந்தா, போன் நம்பர் அடிச்ச கட்டம் காலியாயிருது, அதனால ஓடிபி சரியா அடிச்சாலும் லாகின் ஆகல. மேல வர்ற நோட்டிபிகேஷன்லயே ஓடிபிய பாத்து அடிச்சா லாகின் ஆகுது. ஆண்ட்ராய்டு 12ல ரெண்டு வழியும் சரியா இருக்கு. மெமரி கம்மியான போன்ல மட்டும் வருதோன்னு சந்தேகம், என்கிட்ட அப்படி ஒரு போன்தான் இருக்கு, இன்னொண்ணுல பாக்க முடியல." கடைசி வரியப் பாருங்க, தனக்கு எது வரைக்கும் தெரியும், எது தெரியாதுன்னு பிரிச்சு சொல்லிருச்சு. டெவலப்பர் போய் நேரா அந்த எடத்தத் தொறந்தான், ஆப் பின்னாடி போனதும் சிஸ்டம் அத மூடிருது, திரும்பி வரும்போது பழைய நெலமைய எடுத்து வைக்கல. மத்தியான சாப்பாட்டுக்கு முன்னாடி முடிஞ்சுது.

இந்தப் பொண்ணுக்கு அந்த வருஷம் வந்த வரி என்னன்னு நான் சொல்லணுமா?

கால்ல பேசாது, அதான் காரணம். கேமராவ ஆன் பண்ணி "குட் மார்னிங் எவ்ரிஒன்" சொல்லிட்டு மியூட் போட்டா கடைசில "தேங்க்யூ பை"க்குத்தான் எடுக்கும். அதே கால்ல இன்னொருத்தர் இருக்காரு, சொன்னதையே மூணு விதமா சொல்லுவாரு, "ஆஸ் ஐ ரைட்லி மென்ஷன்டு"ன்னு தன்னத்தானே மெச்சிக்குவாரு, அவருக்கு எக்ஸலன்ட் கம்யூனிகேட்டர்.

கம்பெனிக்கு இது ஏன் முக்கியம்னு சொல்லிருதேன், இல்லன்னா ஏதோ ஹெச்ஆர் பண்ற பேஷன்னு ஆயிரும். ஐபிஎம்ல ஓஎஸ்/360ங்கற பெரிய சாஃப்ட்வேர் வேலைய நடத்தின ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975ல ஒரு கணக்கு எழுதினாரு. டீம்ல 5 பேருன்னா ஒருத்தருக்கொருத்தர் பேச 10 வழி, 10 பேருன்னா 45, 20 பேருன்னா 190. ஆளு ரெண்டு மடங்கானா பேச்சு நாலு மடங்குக்கு மேல ஏறுது. அதனாலதான் லேட்டான ப்ராஜெக்ட்ல ஆளக் கொண்டாந்து போட்டா இன்னும் லேட்டாகுது, வந்தவனுக்கு விளக்குறதுலயே பழையவனோட நேரம் போயிருது. அதுக்கும் முன்ன 1968ல மெல்வின் கான்வேன்னு ஒருத்தர், ஒரு நிறுவனத்துல யாரு யாருகூட பேசுறாங்களோ அந்த அமைப்புதான் அவங்க செய்யுற சிஸ்டத்துலயும் அப்படியே படியும்னாரு. இத நான் கண்ணால பாத்திருக்கேன், ஆர்டர் டீமும் பில்லிங் டீமும் பேசிக்கிறது இல்ல, ரெண்டு டீம் லீடுக்கும் ஆகாது, விளைவு டேட்டாபேஸ்ல ஒரே கஸ்டமருக்கு ரெண்டு டேபிள், ரெண்டுலயும் வேற வேற போன் நம்பர், எது சரின்னு கஸ்டமரயே கூப்பிட்டுக் கேக்குற நெலமை.

இன்னொண்ணு இருக்கு, இதத்தான் ஸ்போக்கன் இங்கிலீஷ்தான் எல்லாம்னு நம்புறவங்களுக்கு நான் சொல்றது. 1999 செப்டம்பர்ல நாசாவோட மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர்ங்கற விண்கலம் செவ்வாய் கிட்டப் போய்த் தொலஞ்சு போச்சு. அதக் கட்டின லாக்ஹீட் மார்ட்டின் கம்பெனி பக்கத்து சாஃப்ட்வேர் உந்துவிசைக்கான எண்ண பவுண்டு கணக்குல குடுக்குது, நாசா பக்கம் அத நியூட்டன் கணக்குன்னு எடுத்துக்குது. இது எல்லாரும் சொல்ற கதை. விசாரணைக் குழு ரிப்போர்ட்ல டீம்களுக்குள்ள நடந்த தகவல் பரிமாற்றமும் ஒரு காரணமா வருது, சில விஷயங்கள் முறையா எழுதிப் போகாம வாய்ப்பேச்சா நின்னுபோச்சு. அங்க இருந்தவங்களுக்கு இங்கிலீஷ்ல என்ன கொறை? அம்மா மடியில பேசுன பாஷை. ரெண்டு டீம் உக்காந்து, நீ எந்த அளவுல குடுக்க நான் எந்த அளவுல வாங்கணும்னு ஒரு கேள்வி உரக்கக் கேட்டு எழுதி வைக்கணும், அதுக்கு அக்சென்ட் எதுக்கு.

இப்போ நம்ம கொறைக்கு வாரேன். இதுலதான் எனக்குக் கொஞ்சம் வயித்தெரிச்சல்.

நெல்லைக்காரனுக்குப் பேசத் தெரியாதுன்னு எவனாவது சொன்னா அவன் ஜங்ஷன் பஸ்ல ஒரு தடவை ஏறிப் பாக்கணும். சில்லறை இல்லாம நூறு ரூவா நீட்டுனா கண்டக்டர் அண்ணாச்சி குடுக்குற பதில் ஒண்ணு போதும். நக்கல்லயும் வாதத்துலயும் வாயி ஓயாத சீமை இது. ஆனா அதே வாயி தன்ன விடப் பெரிய ஆளு முன்னாடி மூடிக்கும். சின்ன வயசுலருந்து பழக்கிருக்கோம், "பெரியவங்க பேசிட்டு இருக்காவள்லா, எடையில என்னல பேச்சு?" வீட்ல அது மரியாதை. ஆபீஸ்ல வந்து அது "ஓகே சார்" ஆயிருது. முடியாததுக்கும் ஓகே சார், புரியாததுக்கும் ஓகே சார், தப்புன்னு தெரிஞ்சதுக்கும் ஓகே சார்.

முந்தி நான் இருந்த ஒரு எடத்துல நடந்தது. க்ளையன்ட் அமெரிக்கா, தினமும் ராத்திரி ஒரு ஃபைல் வரும், அதுல பில் தேதி இருக்கும், நம்ம ஜாப், அதாவது தானா ஓடுற ப்ரோக்ராம், அத எடுத்து டேட்டாபேஸ்ல போடும். அவன் மாசத்த முன்னாடி எழுதுறவன், நம்ம கோடு நாள முன்னாடி எடுத்துருச்சு. ஏப்ரல் ஒண்ணாந்தேதி ஓட விட்டாங்க. 04/01னு வந்தா அவனுக்கு ஏப்ரல் 1, நமக்கு ஜனவரி 4. இதுல வினை என்னன்னா எர்ரர் வராது, ரெண்டுமே நல்ல தேதிதானே, சிஸ்டம் பாட்டுக்குத் தப்பான மாசத்துல எழுதிட்டே போகும். (நாலாந்தேதி மட்டும் சரியா இருந்திருக்கும், 04/04.) பன்னெண்டு வரைக்கும் இப்படியே போச்சு, 13ஆந்தேதி ஃபைல் வந்ததும் பதிமூணாவது மாசம்னு ஒண்ணு இல்லன்னு ஜாப் விழுந்துச்சு. எல்லாரும் அன்னிக்குத்தான் ப்ரச்சனை ஆரம்பிச்சதா நெனச்சு 13ஆந்தேதி ஃபைல்ல என்ன கோளாறுன்னு தேடுதாங்க.

சாயங்காலம் டீக்கடைல ஒரு ட்ரெய்னி, களக்காட்டுப் பையன், க்ளாஸ கைல வச்சுக்கிட்டு என்கிட்ட சொல்லுதான், "அண்ணே, இது மொத வாரத்துலயே தப்புதாண்ணே. நான் ரெண்டாந்தேதியே பாத்தேன், பில்லெல்லாம் பிப்ரவரில போய் உக்காந்திருந்துச்சு." ஏம்ல சொல்லலன்னேன். "கால்ல லீடு சார் எல்லாம் பெர்ஃபெக்டா போகுதுன்னு க்ளையன்ட்கிட்ட சொல்லிட்டு இருந்தாவ. சார் சொல்லும்போது எடையில நான் எப்படிண்ணே?" அப்புறமாவது மெயில்ல சொல்லிருக்கலாம்லான்னா, "சாருக்குத் தெரிஞ்சுதான் இருக்கும்னு நெனச்சேன்"ங்கான்.

அந்த டீக்கடைல அவன் சொன்னதுல ஒரு வார்த்தை வீணில்ல. எந்தத் தேதி, எத்தனை ரெக்கார்டு, எந்த மாசத்துல போய் விழுந்துருக்கு, எப்படி சரி பண்ணணும், பழசத் திருத்த என்ன க்வெரி ஓடணும், எல்லாம் வரிசையா வருது. பேச்சுத் திறமை இல்லங்கறதா இது? அவனுக்கு நாலு வருஷம் ஸ்போக்கன் இங்கிலீஷ் க்ளாஸ் எடுத்திருந்தாலும் அந்தக் கால்ல அழகான இங்கிலீஷ்ல "ஓகே சார்"தான் சொல்லிருப்பான்.

இதுல பையன மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. மொத தடவை ஒருத்தன் கால்ல வாயத் தொறந்து "சார் இது வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாது"ன்னு சொன்னா, லீடு அன்னிக்கு சாயங்காலம் தனியாக் கூப்பிட்டு "க்ளையன்ட் முன்னாடி ஏன் அப்படிப் பேசுன?"ம்பாரு. மத்த எல்லாப் பயலுவளும் அதப் பாத்துட்டுத்தான் இருப்பானுவ. அப்புறம் அதே லீடு ஃபார்ம்ல எழுதுவாரு, வோகலா இருக்கணும்னு.

நான் ஸ்டாண்ட்-அப்ல "எனி ப்ளாக்கர்ஸ்?"னு, அதாவது வேலைக்கு ஏதும் தடை இருக்கான்னு, கேக்குறத விட்டுட்டேன், அதுக்கு "நோ ப்ளாக்கர்ஸ்"னு ரெடியா பதில் வச்சிருக்காங்க. "இந்த வாரம் எது சொதப்பும்னு தோணுது?"ன்னு தமிழ்ல கேக்குறேன். சின்னப் பிள்ளைக மொதல்ல பேசணும், நான் கடைசில. நான் முன்னாடி பேசிட்டா அவ்ளோதான், எல்லாரும் அண்ணன் சொன்னதுதான் சரின்னு முடிச்சுருவாங்க. பெரிய டிசைன் பேச்சுன்னா மொதல்ல எழுதிக் குடு, எல்லாரும் அமைதியா படிப்போம், அப்புறம் பேசுவோம். இது என் கண்டுபிடிப்பு இல்ல, அமேசான்ல ஜெஃப் பெசோஸ் 2004ல சீனியர் ஆட்களோட மீட்டிங்ல பவர்பாயின்ட்ட நிறுத்திட்டு ஆறு பக்கம் எழுதிக் கொண்டாங்க, உக்காந்து படிச்சுட்டுப் பேசுவோம்னு கொண்டு வந்தது. ஸ்லைட்ல நாலு புள்ளி வச்சு ஒப்பேத்துறவன் ஆறு பக்கம் எழுதும்போது மாட்டிக்குவான். பேச வராத ஆளு எழுத்துல மேல வருவான். முக்கூடல் பொண்ணோட குறிப்ப எல்லாரும் படிச்ச அன்னிக்கு மீட்டிங்ல மொத கேள்வி அதுகிட்டதான் போச்சு, பதில் சொல்லித்தான் ஆகணும், சொல்லுச்சு, பாதி தமிழ் பாதி இங்கிலீஷ், ஒருத்தரும் சாகல.

இப்போ ஏஐ வந்து இதுல ஒரு புதுக் கூத்து. ரெண்டு வரி டிக்கெட்ட அதுகிட்ட குடுத்து ரெண்டு பக்கமாக்கி ஒட்டிருதாங்க. க்ரேமர் சுத்தம், தலைப்பு, உபதலைப்பு எல்லாம் உண்டு, எந்த போன்ல வருதுங்கறது மட்டும் இல்ல. அதுக்கு "லாகின் ஆகல, ப்ளீஸ் செக்" எவ்வளவோ தேவல, படிக்க நேரமாவது மிச்சம்.

"டாக் இஸ் சீப், ஷோ மீ த கோடு"ன்னு லினக்ஸ் உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் 2000ல சொன்னத டீசர்ட்ல போட்டுட்டுத் திரியுற தம்பிமார்க்கும் ஒண்ணு சொல்லிருதேன். அதே லினக்ஸோட மையமான கெர்னலுக்கு நீங்க பேட்ச், அதாவது கோடு திருத்தம், அனுப்பணும்னா, அதுக்குன்னு இருக்குற வழிமுறைய எடுத்துப் படிங்க, மொதல்ல ப்ரச்சனை என்னன்னு விவரி, அது யாரைப் பாதிக்குதுன்னு சொல்லு, இதச் சரி பண்றது எதுக்கு அவசியம்னு படிக்கிறவனுக்குப் புரிய வையின்னு கேட்டுருக்கும். கமிட் மெசேஜ்ல "ஃபிக்ஸ்டு", "ஃபைனல் ஃபிக்ஸ்", "ஃபைனல் ஃபிக்ஸ் 2"ன்னு போட்டு அனுப்புனா கோடு எவ்வளவு நல்லா இருந்தாலும் திரும்பி வரும். பேசத் தெரியலன்னா என்ன, கோடு பேசும்னு சொல்றவன், ஆறு மாசம் கழிச்சு தன் கோட தானே தொறந்து பாத்து எந்த மூதி இப்படி எழுதினதுன்னு கேக்குறத நான் பாத்திருக்கேன்.

அதுக்காக இங்கிலீஷே வேண்டாம், தமிழ் போதும்னு நான் சொல்ல வரல. அப்படிச் சொல்றவங்க பெரும்பாலும் தங்க பிள்ளைகள பாளைல நல்ல கான்வென்ட்ல போட்டுட்டுச் சொல்றவங்க. எர்ரர் மெசேஜ் இங்கிலீஷ்ல வரும், டாக்குமென்டேஷன் இங்கிலீஷ்ல இருக்கு, க்ளையன்ட் இங்கிலீஷ்ல திட்டுவான். கிராமத்துலருந்து வேலை பாக்கலாம்ங்கறதும் இதுக்கு விலக்கில்ல. தென்காசி பக்கம் மத்தளம்பாறைல ஜோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி 2011லருந்து இருக்கு, சுத்துப்பட்டு ஊர்ப் பிள்ளைக நெறய அங்க வேலை பாக்குது. ப்ளஸ் டூவோ டிப்ளமாவோ முடிச்ச பிள்ளைகள எடுத்து அவங்க நடத்துற பள்ளிக்கூடத்துல ப்ரோக்ராமிங் கூட இங்கிலீஷும் சேத்துத்தான் சொல்லிக் குடுக்காங்க. தமிழ்நாடு அரசோட நான் முதல்வன்ங்கற திறன் பயிற்சித் திட்டம் 2022ல வந்தது, அதுலயும் ஸ்போக்கன் இங்கிலீஷ் உண்டு. வேணும்தான். எந்த இங்கிலீஷ் வேணும்ங்கறதுதான் என் பேச்சு.

டீம்ல சேந்த பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் குடுக்குறது ரொம்பக் கொஞ்சம். இருபது வார்த்தைக்கு மேல ஒரு வாக்கியம் போகக் கூடாது. முடியாதுன்னு சொல்லும்போது சும்மா முடியாதுன்னு நிறுத்தாத, ஏன் முடியாது, எப்போ முடியும், அதுக்குள்ள அவங்களுக்கு எதத் தர முடியும்னு மூணையும் சேத்துச் சொல்லு. புரியலன்னா "புரியல"ன்னு மட்டும் சொல்லாத, "நீங்க சொன்னத நான் இப்படி எடுத்துக்கிட்டேன், சரியா?"ன்னு கேளு. இதுக்கு வேணுங்கற இங்கிலீஷ் ஒரு மாசத்துல வந்துரும். அத சார்கிட்ட சொல்றதுக்கு வேணுங்கற தைரியம் வர்றதுக்குத்தான் நாளாகுது, அது பையன் கைல மட்டும் இல்ல.

இன்னொரு உண்மையையும் சொல்லணும், ப்ரமோஷன் பேசுறவனுக்குத்தான் போகுது, இன்னும். ராத்திரி முழிச்சு சர்வரத் தூக்கி நிறுத்துனவன் ஒருத்தன், மறுநாள் அத க்ளையன்டுக்கு அழகா விளக்குனவன் இன்னொருத்தன், க்ளையன்ட் தேங்க்யூ சொல்லி மெயில் போடுறது ரெண்டாமத்தவனுக்கு. அநியாயந்தான், ஆனா முழு அநியாயம்னும் என்னால சொல்ல முடியல, விளக்குறதும் ஒரு வேலைதானே, அத ஒருத்தன் செஞ்சுதான ஆகணும். நம்ம பய அந்த மெயில தானே எழுதிருக்கலாம்.

முக்கூடல் பொண்ணு விஷயம் என்னாச்சுன்னா, அடுத்த வருஷம் ரேட்டிங்குக்கு எல்லா லீடும் உக்காரும்போது நான் அதோட டிக்கெட்டையும் வேற சில டிக்கெட்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் காட்டினேன். ஒண்ணு எத்தனை தடவை திரும்பத் தொறக்க வேண்டியதாப் போச்சு, இன்னொண்ணு எத்தனை தடவைன்னு அதுலயே இருக்கு. மேனேஜர் பாத்தாரு, "ஆனா கால்ல பேசுறது இல்லியே"ன்னாரு. நானும் விடல. கடைசில ரேட்டிங் ஏறிச்சு, அந்த வரிய எடுத்தாங்க, ஆனா டெஸ்ட் லீடு போஸ்ட் அந்த "ரைட்லி மென்ஷன்டு" ஆளுக்குத்தான் போச்சு. பொண்ணுட்ட சொன்னேன், "பரவால்ல அண்ணா, அவரு போடுற டிக்கெட்ட இனிமே நாந்தான் திருத்தணும், அது ஒண்ணுதான் கஷ்டம்"னு சிரிச்சுட்டுப் போயிட்டு. இப்போ வேற எடத்துல இன்டர்வியூ போகுதுன்னு கேள்வி, நான் கேட்டுக்கல.

இந்த வருஷம் நம்ம பக்கத்து காலேஜ் கேம்பஸுக்கு ஹெச்ஆர்கிட்ட மன்றாடி ஒண்ணு வாங்கிருக்கேன். ஒரு ஒடஞ்ச ஆப்ப போன்ல போட்டுக் குடுப்போம், அரை மணி நேரம் நோண்டிட்டு என்ன கோளாறுன்னு எழுதித் தரணும், தமிழ்ல எழுதுனாலும் சரி இங்கிலீஷ்ல எழுதுனாலும் சரி, ரெண்டுக்கும் ஒரே மார்க். தமிழ்ல எழுதுனத சென்னைல யாரு திருத்துறதுன்னு அவங்களுக்கு ஒரே கவலை, நான் திருத்துறேன்னு சொல்லிருக்கேன். க்ரூப் டிஸ்கஷனத் தூக்கிரச் சொன்னேன், அது முடியாதாம், கம்பெனி பாலிசியாம். ஓகே சார்னுட்டு வந்துட்டேன்.